நாலு பல் செட்

பொய்ப்பல் செய்யும் எங்கள் லேபுக்குப் புதிதாக வருகிறவன் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும், ஆறு மாதத்தை ஓட்டிவிடலாம். செட். அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் இறுகிவிட்டால் செட் ஆகிவிட்டது. இறுகாமல் கையோடு பிய்ந்து வந்தால் செட் ஆகவில்லை, திட்டு வாங்க வேண்டும். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவது செட்டிங். நிறுத்தி முடித்தது செட். அதிலேயே மேல் செட், கீழ் செட், ஃபுல் செட். வெந்நீர்த் தொட்டிக்கு டைம் செட் பண்ண வேண்டும். மூன்று பேர் மூலையில் நின்று பேசினால், செட் சேர்ந்தாச்சா என்பார் மாஸ்டர். லேப் அவருடையது. ஒருவன் பத்தே நாளில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனால், அவனுக்கு இந்த வேலை செட் ஆகவில்லை என்று ஒரே வரியில் அவன் கணக்கை முடித்துவிடுவார்.

நான் ஓடிப்போகவில்லை. வேறு இடத்திலிருந்து ஓடிவந்து சேர்ந்த இடமே அதுதான்.

பல் மருத்துவக் கல்லூரியில் ஒன்றரை வருடம் இருந்தேன். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்ததால் படிப்பை விட்டதாக உறவினர்கள் நம்புகிறார்கள். நானும் திருத்தவில்லை, அந்தக் கதை கௌரவமாக இருந்தது. உண்மை அதைவிடச் சப்பை. நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருப்பவர்கள் நம்மையே பார்ப்பார்கள். அந்தக் கண்களை என்னால் சமாளிக்க முடியவில்லை. பல்லோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை.

கொஞ்ச நாளில் செட் ஆகிவிடும் என்று விடுதிக் காப்பாளர் சொன்னார். பேராசிரியர் சொன்னார். அப்பா ஃபோனில் சொன்னார். ஆகவில்லை. அந்தச் சொல்லுக்கு இருக்கும் அத்தனை அர்த்தங்களிலும் எனக்கு ஆகாதது அந்த ஒன்றுதான். சொல்கிறவர் எதையும் செய்ய வேண்டாம், சொல்லிவிட்டுப் போய்விடலாம். கேட்கிறவன் மட்டும் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

லேபில் எனக்கு இரவு ஷிஃப்ட். டாக்டர்கள் மாலையில் நோயாளிகளின் வாயில் எடுக்கும் அச்சுகள் ஒன்பது மணிக்குள் டப்பாக்களில் வந்து சேரும். அவற்றில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் உரித்து, ஓரம் தேய்த்து, காலை ஆறு மணிக்கு மெழுகம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும். வரிசையாக வாய்கள், ஒன்றுக்கும் கண் கிடையாது. நிம்மதி.

மெழுகம்மா என்பது லேபில் வைத்த பெயர். இருபத்தாறு வருடமாக மெழுகில் பல் வைக்கிறார். நாற்பது நிமிடத்தில் இருபத்தெட்டுப் பல்லை நிறுத்திவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அளவுகோலை வைத்தால் அளவுகோல்தான் வெட்கப்பட வேண்டும்.

எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் எனக்கு முன்பே வந்துவிட்டது. அக்கா காதலித்தது ஒரு மைக் செட்டுக்காரரை. கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர். அம்மா மூன்று நாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மைக் செட்டுக்காரன் நமக்கு செட் ஆக மாட்டான் என்று அழுதாள்.

"உனக்கா செட் ஆகணும்? எனக்கும்மா" என்றாள் அக்கா.

அவளுக்கு செட் ஆகிவிட்டது. மாமாவுக்கு எதையும் கத்திச் சொல்லத் தெரியாது. ஊருக்கே சத்தம் வாடகைக்கு விடும் மனிதர் வீட்டில் கிசுகிசுப்பார். சத்தம் அக்காவின் பங்கு. அவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். நிலையத்தின் நடுவில் மாடியில் ஒரு கண்ணாடி அறை, வெளிப்பக்கம் இரும்புப் படி. அங்கே உட்கார்ந்து பதினோரு வருடமாக எந்தத் தடத்தில் எந்த பஸ், எது தாமதம், யார் குடையை விட்டுவிட்டுப் போனார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் மேல் வரிசையில் நடு முன்பற்கள் இரண்டுக்கும் இடையே ஒரு சந்து. தீக்குச்சி தாராளமாக நுழையும். வலப்பக்கத்துப் பல் கொஞ்சம் திரும்பி, பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கும். அவள் 'பஸ்' என்று முடிக்கும்போது அந்தச் சந்தில் ஒரு சின்ன விசில் வரும். நிலையத்தில் கூட்டம் எவ்வளவு இரைந்தாலும் அந்த விசில் காதில் விழும். கண்டக்டர்கள் அவளைப்போலப் பேசிக் காட்டுவார்கள். அவள் எதிரில் வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். ஒருநாள் அவளே நின்று, விசில் பத்தவில்லை, நன்றாக ஊது என்று ஒருவனைத் திருத்திவிட்டுப் போனாளாம்.

மழை பெய்த ஒரு காலையில் அந்த இரும்புப் படியில் ஃபிளாஸ்கோடு சறுக்கினாள். ஃபிளாஸ்க் உடையவில்லை. மேல் முன்பற்கள் நான்கும் உடைந்தன. வேரையும் எடுக்க வேண்டியிருந்தது. ஈறு ஆற ஆறு வாரம் விடுப்பு.

அந்த ஆறு வாரத்தில் நிலையத்தில் ஒரு மெஷின் வந்துவிட்டது. பதிவு செய்த குரல். நிலைய மேலாளர் கெட்டவர் இல்லை. அக்காவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். விடுப்பு முடியும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மைக்கில் பேச வேண்டும். தெளிவாக இருந்தால் பகல் நேரம் அவளுடையது. இல்லையென்றால் மைக் முழுக்க மெஷினுக்கு. அவளுக்குச் சாமான் அறை. பெட்டியை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் வேலை. சம்பளம் அதேதான், வாய் மட்டும் தேவையில்லை.

"அந்த மெஷின் பேசுறதக் கேட்டியாடா? பஸ் போகுதுன்னு சொல்றப்பவும் துக்கம் விசாரிக்குது" என்றாள் அக்கா. கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சொன்னாள். அப்போதெல்லாம் அப்படித்தான் பேசினாள்.

விடுப்பின் கடைசி வாரம் புதன்கிழமை வந்த டப்பாக்களில் அவளுடையதும் இருந்தது. எங்கள் லேபில் ஆளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நூற்றுப் பதினேழு, மேல் தாடை, முன்பல் நாலு. பிளாஸ்டர் இறுகி உரித்தபோது கையில் வந்தது அக்காவின் வாய் என்று எனக்குத் தோன்றவில்லை. நடுவில் வழவழவென்று ஒரு மேடு. யாருடைய வாயாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு உண்டு. டாக்டர், தேதி, பல்லின் நிறம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் யாரும் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. காலியாக இருந்தால் மெழுகம்மா பல்லை நேராக, நெருக்கமாக, சந்தே இல்லாமல் வைப்பார். அதுதான் லேபின் வழக்கம். அதற்காகத்தான் டாக்டர்கள் எங்களைத் தேடி வருகிறார்கள். அக்காவின் டாக்டரும் அவளுடைய பழைய பல்லைப் பார்த்ததில்லை. அவர் பார்த்தபோது மிச்சம் இருந்தது வேர்கள்தான்.

காலையில் மெழுகம்மா டீயோடு வந்து கார்டைப் புரட்டினார். எண் நூற்றுப் பதினேழு யாரென்று அவருக்குத் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன்.

"பழைய பல்லு எப்படி இருக்கும்?"

"நடுவுல பெரிய சந்து. ஒண்ணு கோணல். அதெல்லாம் வேண்டாம்மா. நெருக்கி, அழகா செட் பண்ணுங்க."

"அவங்க அப்படிக் கேட்டாங்களா?"

"சந்து வேணும்னு யாராவது கேப்பாங்களா?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டு மெழுகுக் கத்தியைச் சூடு பண்ணப் போனார். குறிப்புக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

அக்காவுக்குப் பரிசு கொடுப்பதாகத்தான் நினைத்தேன். இதை மறைக்க ஒன்றுமில்லை. மூன்று வருடமாக இரவெல்லாம் பல் வரிசைகளையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சந்து என்றால் குறை, கோணல் என்றால் தவறு. அதற்குப் பின்னால் ஒரு நாக்கு முப்பத்தெட்டு வருடம் குடியிருந்தது என்பதெல்லாம் கண்ணில் படாது.

சனிக்கிழமை காலை பல்லை மாட்டிக்கொண்டு டாக்டரிடமிருந்து வந்தாள். கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாள் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியானால் இத்தனை வருடமாக எப்படி இருந்தேனாம் என்று அக்கா கேட்க நினைத்திருப்பாள். வாயைத் திறந்தாள், முதல் சொல்லே வழுக்கியது. மூடிக்கொண்டாள்.

மத்தியானம் மாமாவின் கடையில் ஒத்திகை. ஷட்டர் போட்ட ஒற்றை அறை. சுவர் முழுக்கக் குழாய் ஒலிபெருக்கிகள், தரை முழுக்க வயர் சுருள்கள். மாமா ஒரு மைக்கை நிறுத்தி, உயரத்தை அவள் வாய்க்குச் சரியாக வைத்தார். அக்கா காகிதத்தை எடுத்தாள். பதினோரு வருடம் காகிதம் இல்லாமல் சொன்னதை எழுதி வைத்திருந்தாள்.

"ஐந்தாம் தடத்திலிருந்து புறப்படும் பஷ், ஷற்றுத் தாமதமாகச் ஷெல்லும்."

ஒலிபெருக்கி உள்ளதை உள்ளபடி சொன்னது. மாமா பெட்டியில் சத்தத்தின் கூர்மையைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைத் திருகினார். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் அதுதான். மெதுவாகச் சொன்னாள், வேகமாகச் சொன்னாள், பல்லைக் கையால் அழுத்திக்கொண்டு சொன்னாள். வயர்களுக்கு நடுவே ஒவ்வொரு பஸ்ஸும் நமுத்துப்போய் வந்தது.

"ட்ரெபிள இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாக்கட்டுமா?" என்று கிசுகிசுத்தார் மாமா.

"என் வாய்ல ட்ரெபிள் இல்லைங்க" என்றாள் அக்கா. அதையும் அந்த வழுக்கும் குரலில்தான் சொல்ல வேண்டியிருந்தது. மைக்கை அணைத்தாள்.

டாக்டருக்கு ஃபோன் பண்ணினேன். பொறுமையாகக் கேட்டார். புதுப் பல், நாக்கு பழக வேண்டும், இரண்டு மாதத்தில் செட் ஆகிவிடும் என்றார்.

இரண்டு மாதம். எங்களிடம் இருந்தது ஒன்றரை நாள்.

ஃபோனை வைத்ததும் எனக்கு வந்தது கோபம்தான். டாக்டர்மேல் இல்லை. பிளாஸ்டர் தானாக இறுகும். கலக்கி ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். பல் அப்படி இல்லை. மெழுகில் வைத்த பல் தானாக ஒரு மயிரிழை நகர்ந்து சரியான இடத்தில் உட்கார்ந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. யாராவது குனிந்து உட்கார்ந்து வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் பிடுங்கி மறுபடி வைக்க வேண்டும். இது தெரிந்தவன் நான். தெரிந்தும், யார் எதைக் கேட்டாலும் நானும் செட் ஆயிடும் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆளாகத்தான் இருந்தேன். அன்று காலைகூட அக்காவிடம் அதையே சொல்லியிருந்தேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். மாமா அந்த வாரத்து புக்கிங் சீட்டுகளை அடுக்கி, காற்றில் பறக்காமல் இருக்க அலமாரியிலிருந்து எதையோ எடுத்து மேலே வைத்தார். மஞ்சள் பூத்த ஒரு பிளாஸ்டர் கட்டி.

அது அவளுடைய மேல் தாடை. கல்லூரியில் முதல் வருடம் அச்சு எடுக்கப் பழகுவதற்காக வீட்டுக்குப் பசையைக் கொண்டுவந்து அக்கா வாயில் அப்பினேன். குமட்டி, என் சட்டையில் பாதியைத் துப்பினாள். மீதியில் வார்த்தது அது. என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் அச்சு. நல்லவேளை, எண்ணிக்கை நாற்பதைத் தாண்டவில்லை. தூக்கிப் போடு என்று சொல்லியிருந்தேன். அவள் கடையில் வெயிட்டுக்கு வைத்திருக்கிறாள். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்திருந்தது. ஓரமெல்லாம் கோணல். ஆனால் முன்பற்கள் நான்கும் அப்படியே இருந்தன. சந்து இருந்தது. எட்டிப் பார்க்கும் பல் எட்டிப் பார்த்தது.

சீட்டுகளின் மேலிருந்து அதை எடுத்தேன். சீட்டுகள் பறந்தன.

"மாப்ள, அது வெயிட்டு" என்றார் மாமா.

"நாளைக்குத் தரேன் மாமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஷிஃப்ட் தொடங்கும்வரை லேபுக்கு விடுமுறை. சாவி மாஸ்டரிடம் ஒன்று, மெழுகம்மாவிடம் ஒன்று. மாஸ்டரிடம் போனால் டாக்டரின் சீட்டு கேட்பார். சீட்டு இல்லாமல் முடிந்த வேலையைத் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். டாக்டரையே மறுபடி பிடித்தேன். வெளியூரில் இருந்தார். உங்கள் பொறுப்பில் செய்துகொள்ளுங்கள், திங்கட்கிழமை மாலை வந்து காட்டச் சொல்லுங்கள் என்றார். அதையே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு எடுத்துக்கொண்டு மெழுகம்மா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. தலையெல்லாம் கறுப்புச் சாயம் பூசி, பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

"இருபது நிமிஷம் ஒக்காரு. இது செட் ஆகணும். நடுவுல கழுவினா வரிவரியா போயிடும்."

உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். நெருக்கி வைக்கச் சொன்னது நான், அவள் கேட்கவில்லை, அவளிடம் நான் கேட்கவும் இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். அந்தப் பழைய பிளாஸ்டர் மாடலை மேஜைமேல் வைத்தேன். மெழுகம்மா கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, கட்டை விரலால் முன்பற்களைத் தடவினார். சந்தில் நகத்தை நுழைத்துப் பார்த்தார்.

"இதைக் கையில வெச்சுக்கிட்டா என்கிட்ட நெருக்கி வைங்கன்னு சொன்னே?"

"கையில இல்லம்மா. மாமா கடையில இருந்துச்சு."

"மண்டையில இருந்துச்சில்ல?"

மாடலை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். சாயத்தைக் கழுவிவிட்டு ஈரத் தலையோடு கிளம்பினார்.

நாங்கள் போனபோது, நான் வரச் சொல்லியிருந்த அக்கா லேப் வாசலில் நின்றிருந்தாள். பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். மெழுகம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தான் வைத்த பல், ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு சின்ன ரம்பத்தை எடுத்து நான்கு பல்லையும் அறுத்து எடுத்துவிட்டார். ரோஸ் நிறத் தகடு பொக்கையாகக் கிடந்தது.

நேராக வைப்பதில் அவருக்குச் சிரமமே கிடையாது. கோணலாக வைப்பதில்தான் என்று அன்று தெரிந்தது. பழைய மாடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெழுகை உருக்கி, முதல் பல்லை வைத்தார். இரண்டாவதை வைத்தார். சந்து விட்டார். திருப்பினார். கையை எடுத்துப் பார்த்தால் இரண்டும் நெருங்கி நேராக நின்றன. மறுபடி வைத்தார். மறுபடியும் நேர். மூன்றாவது தடவை தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார்.

"சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது" என்றார்.

நான் பழைய மாடலைக் கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் என்றேன். திருப்பினார். இன்னும் கொஞ்சம் என்றேன். முறைத்துக்கொண்டே திருப்பினார். எவ்வளவு என்று கேட்டார். பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிற அளவு என்றேன். பின்னால் ஸ்டூலில் இருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான்கும் மெழுகில் நின்றபின் ட்ரையல் பார்க்க வேண்டும். அது டாக்டரின் வேலை. இறுக்குவதற்கு முன் வாயில் வைத்து, பேசவைத்து, நகர்த்த வேண்டியதை நகர்த்துவார்கள். மெழுகம்மா தகட்டை என்னிடம் நீட்டினார்.

"நான் எதுக்கும்மா?"

"இருபத்தாறு வருஷத்துல உசுரோட இருக்குற வாயை நான் தொட்டதில்ல. நீ ஒன்றரை வருஷம் படிச்சிருக்கே."

ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு அக்காவை உட்காரவைத்தோம். தலையைச் சாய்த்து வாயைத் திறந்தாள். என்னையே பார்த்தாள்.

நான் எதிலிருந்து ஓடி வந்தேனோ அதுதான் அங்கே இருந்தது. இரண்டு கண், ஒரு ஜாண் தூரத்தில். கல்லூரியில் இந்த இடத்தில்தான் நான் பார்வையைப் பல்லுக்கு மாற்றிக்கொண்டு வேலையைக் கெடுப்பேன். அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள்போல. திறந்த வாயோடு ஒரு கண்ணை மட்டும் மூடி, மெழுகம்மா பார்க்கிற மாதிரியே என்னைப் பார்த்தாள்.

சிரிப்பு வந்தது. தகட்டை ஏற்றி, இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினேன். உட்கார்ந்தது.

"சொல்லுக்கா."

"பஷ்."

எடுத்தேன். மெழுகம்மா சூடான கத்தியால் தொட்டு, இடப்பல்லை ஒரு மயிரிழை வெளியே தள்ளினார். வைத்தேன். பஷ். சந்தை அகட்டினார். வைத்தேன். பஷ்ஷுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. பல்லுக்குப் பின்னால் தகடு தடிமனாக இருந்தது; நாக்குக்கு இடமில்லை. சுரண்டச் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டு மெழுகம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுரண்டினார். எத்தனை தடவை வைத்தேன், எடுத்தேன் என்று எண்ணவில்லை. எங்கேயோ ஒரு தடவையில் அந்தக் கண்களுக்குப் பயப்படுவதை மறந்துபோனேன். அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

"பஸ்" என்றாள் அக்கா.

கடைசியில் அந்த விசில், ரொம்பச் சின்னதாக.

"பஸ். பஸ். சற்றுத் தாமதமாகச் செல்லும் பஸ்." அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மெழுகு உருகிவிடும், வாயை மூடு என்று மெழுகம்மா அதட்டினார்.

மெழுகுக்குப் பதிலாக, சூடில்லாமல் தானாக இறுகுகிற அக்ரிலிக் பிளாஸ்டிக்கை ஊற்றினோம். அரை மணி நேரம். அந்த அரை மணிக்கு நிஜமாகவே செய்ய ஒன்றுமில்லை, காத்திருப்பதுதான் வேலை. அக்கா மெழுகம்மாவிடம் தலைச்சாயம் எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மெருகு போட்டுக் கையில் கொடுத்தபோது மெழுகம்மா அதைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார்.

"நான் வெச்சதுலேயே அசிங்கமான செட் இது" என்றார். குரலில் வருத்தம் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "இனிமே அந்தக் குறிப்புக் கட்டம் காலியா வந்துச்சுன்னா, காலையில கார்டை வாங்க மாட்டேன். டாக்டரைக் கேட்டு எழுது. ஃபோட்டோ கேளு. எதையாவது கேளு."

திங்கட்கிழமை காலை, இரவு ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பஸ் நிலையத்துக்குப் போனேன். மாமா ஏற்கெனவே ஒரு தூணில் சாய்ந்து, நிலையத்தின் ஒலிபெருக்கிகளை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு குழாய் தப்பான பக்கம் பார்க்கிறது என்று என் காதில் கிசுகிசுத்தார். கண்ணாடி அறையில் அக்காவின் தலை தெரிந்தது. அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு மேலாளர்.

மெஷின் ஏதோ ஒரு பஸ்ஸுக்குத் துக்கம் விசாரித்து முடித்தது. ஒரு கிளிக் சத்தம். அதன்பின் வெறும் இரைச்சல். அந்த இரைச்சல் நிறைய நேரம் ஓடியது.

"பயணிகள் கவனிக்கவும். ஐந்தாம் தடத்திலிருந்து பத்து ஐந்துக்குப் புறப்பட வேண்டிய பஸ்..."

விசில் வந்தது. டீக்கடை பக்கம் நின்ற ஒரு கண்டக்டர் டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு மேலே பார்த்தார். இன்னொருவர் பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அதே விசிலைத் திருப்பி ஊதினார்.

"...சற்றுத் தாமதமாகச் செல்லும்."

அவள் நிறுத்தவில்லை. இரண்டாம் தடம், ஒன்பதாம் தடம், யாரோ விட்டுச் சென்ற சிவப்புப் பை. 'செல்லும்' ஒன்று லேசாக இடறியது. அவளும் அதைக் கேட்டிருப்பாள். அடுத்ததை நிதானமாகச் சொன்னாள், அது சரியாக வந்தது.

மேலாளர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரும்புப் படியில் ஒவ்வொன்றாக இறங்கினார். கீழே நின்ற எலக்ட்ரீஷியனிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"பகல்ல மெஷின் லைனைக் கழட்டிடு. ராத்திரி எட்டுக்கு மேல மாட்டிக்கலாம்."

மாமா என் தோளைத் தொட்டார். வேட்டியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தப்பான பக்கம் பார்க்கும் குழாய்களைப் பற்றி எலக்ட்ரீஷியனிடம் பேசப் போய்விட்டார். நான் கண்ணாடி அறையைப் பார்த்தபடி ரெண்டடி முன்னால் நகர்ந்தேன். தூக்கக் கலக்கம். நிற்கும் இடத்தைக் கவனிக்கவில்லை.

"ஏழாம் தடத்தில் நிற்கும் தம்பியின் கவனத்துக்கு" என்றது ஒலிபெருக்கி, நிலையம் முழுக்க. "உங்கள் பின்னால் பஸ் வருகிறது. தள்ளி நிற்கவும். வீட்டுக்குச் சென்று தூங்கவும்."

தள்ளி நின்றேன். பஸ் வந்து நின்றது.